மஞ்சள் மாத்திரை... உணவா, மருந்தா?

போன வருஷம் மே மாதம். கோடைக்கானலில் சீசன் களைகட்டியிருந்த நேரம். ஏரிக்குப் போகிற வழியில் ஒரு கடை. யூகலிப்டஸ் தைலம், வீட்டுத் தயாரிப்பு சாக்லேட், மலைப்பூண்டு, தாண்டிக்குடி மிளகு, ஏலக்காய், தேன் என்று எப்போதும் இருக்கிற சரக்குதான். ஆனால் இந்த முறை கல்லாவுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு பாட்டில் வரிசை. ‘மஞ்சள் கேப்ஸ்யூல். 2000 மடங்கு சக்தி!’ என்று தங்க நிறத்தில் எழுதியிருந்தது.

சென்னையிலிருந்து வந்திருந்த ஒரு அம்மா பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமியாருக்கு மூட்டு வலியாம். கடைக்காரர் என்னைத் தெரிந்தவர். "இவர் சித்த மருத்துவர்தான். இவரையே கேளுங்க" என்று என்னைக் கோர்த்துவிட்டார்.

அந்த அம்மா கேட்டார்: "மஞ்சள்தானே டாக்டர்? தினமும் குழம்புல போட்டுச் சாப்பிடறதுதானே? இதுல என்ன தப்பு வந்துடப் போகுது?"

நியாயமான கேள்வி. உங்களில் பலரும் இதே கேள்வியைக் கேட்டிருப்பீர்கள். சில வருஷங்களுக்கு முன்னால் என்றால் நான் யோசிக்காமல், "தாராளமா வாங்கிக் கொடுங்கம்மா" என்று சொல்லியிருப்பேன். அப்படித்தான் ஒருவருக்குச் சொன்னேன். அந்த ஒரு வார்த்தைக்காக இன்றும் வருத்தப்படுகிறேன்.

நான் பாட்டிலைக் கேட்கவில்லை

அவர் ஓய்வு பெற்ற ஆசிரியை. வயது 60-ஐத் தாண்டியவர். முழங்கால் வலிக்காக என்னிடம் தைலம் வாங்கிப் போவார். ஒருநாள், "பையன் வெளிநாட்டிலேர்ந்து மஞ்சள் மாத்திரை அனுப்பியிருக்கான் டாக்டர், சாப்பிடலாமா?" என்று கேட்டார். அன்றைக்கு வெளியே கூட்டம். "மஞ்சள்தானே டீச்சரம்மா, சாப்பிடுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பாட்டிலைக் கொண்டுவாருங்கள், பார்க்கிறேன் என்று சொல்லத் தோன்றவில்லை.

இரண்டரை மாதம் கழித்து வந்தார். சாப்பாடு பிடிக்கவில்லை, உடம்பெல்லாம் அரிப்பு, சிறுநீர் கட்டன் டீ நிறத்தில் போகிறது என்றார். இமையை இழுத்துப் பார்த்தால் கண் மஞ்சள்! உடனே ரத்தப் பரிசோதனை. கல்லீரல் என்சைம்கள் இருக்கவேண்டிய அளவைப்போல் பல மடங்கு. மதுரையில் ஒரு குடல், கல்லீரல் நிபுணரிடம் அனுப்பினேன். வைரஸ் காமாலை இல்லை. ஸ்கேனில் பித்தப்பைக் கல்லும் இல்லை. "வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?" என்று அவர் துருவித் துருவிக் கேட்டிருக்கிறார். "வேற எதுவுமே இல்லையே... மஞ்சள் மாத்திரை மட்டும்தான். அது மருந்தா என்ன?" என்று டீச்சரம்மா திருப்பிக் கேட்டிருக்கிறார்.

மாத்திரையை நிறுத்தினார்கள். மெள்ள மெள்ளச் சரியாகி, இரண்டு மாதத்துக்குமேல் கழித்துத்தான் ரத்தப் பரிசோதனை பழைய நிலைக்கு வந்தது. அதன் பிறகுதான் அந்த பாட்டிலை வாங்கி, பூதக்கண்ணாடி வைத்துச் சிறிய எழுத்துகளைப் படித்தேன். ஒரு கேப்ஸ்யூலில் 95 சதவிகித குர்குமின் 500 மில்லிகிராம். கூடவே மிளகுச் சத்து 10 மில்லிகிராம். தினம் இரண்டு.

அது மஞ்சளே இல்லை, வாசகர்களே! மஞ்சளிலிருந்து பிரித்தெடுத்த வேறு ஒரு சங்கதி. அந்த வித்தியாசத்தைத்தான் இந்தக் கட்டுரையில் உங்களுக்குச் சொல்ல நினைக்கிறேன்.

தண்ணீரில் கரையாத குணம்

ஒரு டம்ளர் தண்ணீரில் அரை ஸ்பூன் மஞ்சள் தூளைப் போட்டுக் கலக்கி வையுங்கள். கொஞ்ச நேரத்தில் தூள் அடியில் தங்கிவிடும். அதே தூளைச் சூடான எண்ணெயில் போட்டுப் பாருங்கள். எண்ணெய் முழுவதும் பொன்னிறம் ஏறிவிடும். இந்த நிறம் கொடுக்கிற பொருள்தான் குர்குமின். 1815-லேயே ஐரோப்பிய வேதியியலார் இதைப் பிரித்தெடுத்துவிட்டார்கள். இதன் ரசாயன அமைப்பு தெரிந்தது 1910-ல். சாதாரண மஞ்சள் தூளில் இது ஏறக்குறைய 3 சதவிகிதம் இருக்கும்.

தண்ணீரில் கரையாததால் குடலிலிருந்து ரத்தத்துக்குள் சுலபமாகப் போகாது. தப்பித் தவறிப் போனாலும், குடல் சுவரும் கல்லீரலும் சும்மா விடுவதில்லை. ‘இது வெளியாள்’ என்று ஒரு சீட்டு ஒட்டி, பித்தம் வழியாகவும் சிறுநீர் வழியாகவும் வெளியே அனுப்பிவிடும். 1978-ல் சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் எலிகளுக்குக் குர்குமின் கொடுத்துப் பார்த்தபோது, கொடுத்ததில் முக்கால் பாகம் மலத்தோடு வெளியேறிவிட்டது.

இந்தப் பிரச்னையைத் தீர்க்கத்தான் விஞ்ஞானிகள் மருந்தைப் பொதிந்து அனுப்புகிற வித்தையைக் கையில் எடுத்தார்கள். மேலே இருக்கிற கேப்ஸ்யூல் கூட்டை நான் சொல்லவில்லை. அது வெறும் டப்பா. உள்ளே இருக்கிற குர்குமினின் ஒவ்வொரு துகளுக்கும் சட்டை மாட்டிவிடுகிறார்கள். சிலர் சோயாவிலிருந்து எடுக்கும் லெசிதின் என்ற கொழுப்பால் போர்த்துகிறார்கள். சிலர் மாவுப்பொருளிலிருந்து வளையம் மாதிரி ஒன்றைச் செய்து, அதன் ஓட்டைக்குள் குர்குமினை உட்கார வைக்கிறார்கள். நம் பக்கத்து மாநிலமான கேரளத்தில் வெந்தய நாரில் பொதிந்து செய்கிறார்கள். மஞ்சளில் இருக்கும் வாசனை எண்ணெயையே திரும்பச் சேர்க்கிற முறையும் உண்டு. கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகளாக்கித் தண்ணீரில் கலக்கும்படி செய்வதும் உண்டு. கெட்டிக்காரத்தனமான வேலைதான். நான் குறை சொல்ல மாட்டேன்.

இது நம் பாட்டிக்குத் தெரியாதா?

மருந்து தனியாகப் போனால் போதாது, அதைச் சேரவேண்டிய இடத்துக்குக் கொண்டுசேர்க்க ஒரு துணை வேண்டும் என்பது சித்த மருத்துவத்தில் பால பாடம். அதற்குப் பெயர் அனுபானம். தாளிசாதி சூரணத்தைத் தேனில் குழைத்துக் கொடுப்போம். அமுக்கரா சூரணத்தைப் பாலில் கொடுப்போம். சிலதுக்கு நெய், சிலதுக்கு வெந்நீர். ஒரே மருந்துக்கு அனுபானத்தை மாற்றினால் வேலையும் மாறும்.

பழனி என்றால் போகர் ஞாபகத்துக்கு வருவார். தண்டாயுதபாணி சிலையை நவபாஷாணத்தில் செய்தவர் போகர் என்பது மரபு. பாஷாணம் என்றால் விஷம். விஷத்தையே கட்டி மருந்தாக்கிய பரம்பரை என்று மேடையில் நாங்கள் பெருமையாகப் பேசுவோம். ‘கட்டுவது’ என்பது எங்கள் சாஸ்திர வார்த்தைதான். பொதிந்து அனுப்புகிற வித்தையைக் கேட்டு நாங்கள் வியந்துபோக வேண்டியதில்லை.

நம் வீட்டுச் சமையலையே பாருங்கள். தாளிக்கும்போது எண்ணெயில் மஞ்சள். பொங்கலில் நெய்யும் மிளகும். ரசத்தில் மிளகு, சளிக்கு மஞ்சள் மிளகுப் பால். கொழுப்பில் கரையும் சரக்கைக் கொழுப்போடு சேர்த்தார்கள். மிளகைக் கூடவே அனுப்பினார்கள்.

இந்த மிளகுதான் கதாநாயகன். வத்தலக்குண்டிலிருந்து தாண்டிக்குடிக்கு ஏறும் வழியில் பழனி மலையின் கீழ்ச் சரிவுகளைப் பார்த்திருக்கிறீர்களா? காப்பித் தோட்டங்களுக்கு நடுவே நிழல் மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருக்கும். தடியன்குடிசையில் வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. மிளகின் காரத்துக்குக் காரணமான பொருளின் பெயர் பைப்பரின். மிளகில் இது 5 சதவிகிதம் போல இருக்கும்.

சுக்கு, மிளகு, திப்பிலி என்ற திரிகடுகம் ஏன் இத்தனை மருந்துகளில் வருகிறது என்று ஜம்முவில் இருந்த மண்டல ஆராய்ச்சிக்கூடத்து விஞ்ஞானி அடல் யோசித்தார். மற்ற மருந்துகளை உடம்பில் அதிகமாகச் சேர வைப்பதுதான் இதன் வேலை என்று அவரும் அவருடைய சகாக்களும் 1981-ல் எழுதினார்கள். 1998-ல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் ஒரு சோதனை நடந்தது. ஆரோக்கியமான சிலருக்கு 2 கிராம் குர்குமின் கொடுத்தார்கள். ரத்தத்தில் தேடினால் அகப்படவேயில்லை என்கிற அளவுக்குத்தான் இருந்தது. அதோடு 20 மில்லிகிராம் பைப்பரின் சேர்த்துக் கொடுத்ததும் 2000 சதவிகிதம் கூடிவிட்டது. இன்று உலகம் முழுக்க விற்கிற மஞ்சள் மாத்திரைகளின் விளம்பரத்துக்கு வேர் இந்த ஒரு சோதனைதான்.

விளம்பரக் கணக்கும் வீட்டுக் கணக்கும்

இப்போது கொஞ்சம் கணக்குப் போடுவோம். பேப்பர், பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், 2000 சதவிகிதம் என்பது 2000 மடங்கு இல்லை. சுமார் 20 மடங்கு. கடையில் நான் பார்த்த பாட்டிலில் சதவிகிதம் மடங்காகிவிட்டது! அதுவும் எதன் மடங்கு? ரத்தத்தில் ஏறக்குறைய இல்லவே இல்லை என்ற அளவின் மடங்கு.

இரண்டாவது, 20 மில்லிகிராம் பைப்பரின் என்பது எட்டு, பத்து மிளகில் கிடைத்துவிடும். அது நம் வீட்டு அளவுதான். ஆனால் 2 கிராம் குர்குமினுக்கு எவ்வளவு மஞ்சள் தூள் வேண்டும்? 65 கிராமுக்கும் மேல்! இருபது டீஸ்பூனுக்குக் குறையாது. எந்த வீட்டில் ஒரு ஆள் ஒரு நாளில் அவ்வளவு மஞ்சள் சாப்பிடுகிறார்?

மூன்றாவது, டீச்சரம்மாவின் கேப்ஸ்யூல். 500 மில்லிகிராமில் 95 சதவிகிதம் என்றால் 475 மில்லிகிராம் குர்குமின். ஏறக்குறைய ஐந்து டீஸ்பூன் மஞ்சள் தூளில் இருப்பது ஒரே கேப்ஸ்யூலில். தினம் இரண்டு என்றால் பத்து டீஸ்பூன். நம் வீட்டில் ஒரு ஆளுக்கு நாளைக்கு ஒரு கிராம், இரண்டு கிராம் மஞ்சள் போனால் பெரிது. அதில் குர்குமின் 30 முதல் 60 மில்லிகிராம்தான்.

உணவில் சேர்க்கும் நிறப்பொருளாகக் குர்குமினை எவ்வளவு சாப்பிடலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஒரு எல்லை வைத்திருக்கிறது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளைக்கு 3 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு 180 மில்லிகிராம். டீச்சரம்மா சாப்பிட்டது இதைப்போல் ஐந்து மடங்குக்கு மேல். அதோடு, காவலைத் தாண்டி உள்ளே இழுத்துக்கொண்டு போக மிளகுச் சத்து வேறு.

‘ஆயிரக்கணக்கான வருஷமாகச் சாப்பிடுகிறோம், ஒன்றும் ஆகவில்லை’ என்கிற நற்சான்றிதழ் மஞ்சளுக்கு உண்டு. மறுக்கவில்லை. புண் ஆற்றுவதற்கு மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு 1995-ல் அமெரிக்காவில் மிசிசிப்பி பல்கலைக்கழகத்து மருத்துவ மையத்துக்குக் காப்புரிமை கொடுத்தார்கள். நம் மத்திய அரசின் அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் கழகம் எதிர்த்து வழக்காடியது. 1997-ல் அந்தக் காப்புரிமை ரத்தானது. எல்லோரும் சந்தோஷப்பட்டோம். ஆனால் அன்றைக்கு ஜெயித்தது நம் வீட்டு மஞ்சள் தூள். அதன் நற்பெயரைப் பத்து டீஸ்பூன் சாரம் அடைத்த மாத்திரைக்கு இரவல் கொடுக்க முடியாது.

காவல்காரரை ஏன் மீறக்கூடாது?

குர்குமினுக்குச் சீட்டு ஒட்டி வெளியே தள்ளுகிற கல்லீரல் நம் எதிரி அல்ல. அது காவல்காரர். பைப்பரின் அந்தக் காவல்காரரின் கையைக் கொஞ்ச நேரம் கட்டிப்போடுகிறது. அந்த நேரத்தில் குர்குமின் மட்டும்தான் உள்ளே போகும் என்று யார் சொன்னது? நீங்கள் சாப்பிடுகிற வேறு மாத்திரைகளும் கூடுதலாகப் போகும்.

இதைப் பயந்து சொல்லவில்லை. இதையே நல்லதுக்குப் பயன்படுத்திய உதாரணம் நம் நாட்டிலேயே இருக்கிறது. 2009-ல் இந்தியாவில் ஒரு காசநோய் மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. ரிஃபாம்பிசின் என்ற மருந்து வழக்கமாக 450 மில்லிகிராம் கொடுக்கிற இடத்தில், 10 மில்லிகிராம் பைப்பரின் சேர்த்ததால் 200 மில்லிகிராம் போதும் என்று செய்தார்கள். 10 மில்லிகிராம் மிளகுச் சத்து ஒரு காசநோய் மருந்தின் அளவையே பாதிக்கும் கீழே இறக்க முடிகிறது. அதே 10 மில்லிகிராம்தான் டீச்சரம்மாவின் கேப்ஸ்யூலிலும் இருந்தது! ஆஸ்துமாவுக்குக் கொடுக்கும் தியோபிலின், ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் ப்ரோப்ரனலால் இரண்டும் பைப்பரினோடு சேர்ந்தால் ரத்தத்தில் கூடுகின்றன என்று 1991-லேயே ஆராய்ச்சி வந்துவிட்டது.

டீச்சரம்மாவுக்கு வந்தது ஏதோ அவருடைய தலையெழுத்து என்று நினைத்துவிடாதீர்கள். இத்தாலியில் 2019-ல் மஞ்சள் சார மாத்திரை சாப்பிட்டவர்களுக்குக் காமாலை வந்தது என்று வரிசையாகத் தகவல்கள் வந்தன. 2022-ல் பிரான்ஸ் நாட்டு உணவுப் பாதுகாப்பு நிறுவனமும், 2023-ல் ஆஸ்திரேலிய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் மக்களை எச்சரித்தன. அமெரிக்காவில் மருந்துகளால் வரும் கல்லீரல் பாதிப்பை ஆராயும் மருத்துவர் குழு 10 பேருடைய விவரத்தை 2022-ல் வெளியிட்டது. ஐந்து பேர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். ஒருவர் இறந்தே போனார். பத்தில் ஏழு பேருக்கு ஒரு குறிப்பிட்ட மரபணு வகை இருந்தது. அந்த மரபணு நமக்கு இருக்கிறதா இல்லையா என்று மாத்திரை வாங்கும் முன்னால் யாருக்குத் தெரியும்?

நியூசிலாந்தில் இன்னொரு விஷயம். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபாரின் சாப்பிட்டுவந்த ஒருவர் மஞ்சள் தயாரிப்பு ஒன்றையும் சேர்த்துச் சாப்பிட்டிருக்கிறார். 2 முதல் 3-க்குள் இருக்கவேண்டிய ஐ.என்.ஆர். அளவு 10-க்கு மேல் போய்விட்டது. உள்ளுக்குள் ரத்தக்கசிவு வரக்கூடிய அளவு அது. 2018-ல் அந்நாட்டு மருந்துத் துறை இதை அறிவித்தது.

கோடிக்கணக்கானவர்கள் சாப்பிடுவதில் இப்படிப் பாதிக்கப்படுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். அதைச் சொல்லாவிட்டால் நான் நேர்மையில்லாதவன். ஆனால் அந்தக் கொஞ்சம் பேரில் ஒருவர் உங்கள் அம்மாவாக இருந்தால்?

அப்படியானால் பலனே இல்லையா?

எங்கள் ஆட்களில் சிலர் என்மேல் கோபப்படுவார்கள். "மஞ்சளையே குறை சொல்றீங்களே, நீங்க யார் பக்கம்?" என்பார்கள். நான் நோயாளி பக்கம். பலன் இருக்கிற இடத்தில் இருக்கிறது.

2014-ல் தாய்லாந்தில் முழங்கால் தேய்மானம் உள்ள 367 பேரிடம் ஒரு ஆராய்ச்சி. பாதிப் பேருக்கு மஞ்சள் சாரம், பாதிப் பேருக்கு ஐபுப்ரூஃபன். நான்கு வாரம் கழித்துப் பார்த்தால் வலி குறைவதில் மஞ்சள் சாரம் சளைக்கவில்லை. வயிற்று உபாதையும் குறைவாகவே இருந்தது. வலி மாத்திரையால் வயிறு புண்ணாகிறவர்களுக்கு இது நல்ல செய்திதான். ஆனால் கவனியுங்கள். மருத்துவர் மேற்பார்வையில், நான்கே வாரம்.

2023-ல் அதே தாய்லாந்தில் அஜீரணம் உள்ளவர்களுக்கு மஞ்சள் கேப்ஸ்யூலும் ஒமிப்ரசோலும் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி குணம் தந்தன. இதில் எனக்கு ஒரு விஷயம் பிடித்திருந்தது. வயிற்றுக்கோளாறுக்கு மஞ்சள் ரத்தத்தில் ஏறவேண்டிய அவசியம் என்ன? வயிற்றுக்குப் போனாலே வேலை செய்யவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்த மாதிரிதானே! புண்ணுக்குப் பற்றுப் போட்டால் அது தோலில் வேலை செய்கிறது. தொண்டை கரகரப்புக்குப் பாலில் குடித்தால் அது தொண்டையை நனைத்துக்கொண்டு போகிறது. நம் முன்னோர் மஞ்சளை அதிகமாக உபயோகித்த இடங்களை எண்ணிப் பாருங்கள். தோல், தொண்டை, வயிறு. ரத்தத்தில் ஏறாததை ஒரு குறையாகவே நினைக்காத வைத்தியம் அது.

மற்றபடி புற்றுநோய், மறதி நோய், சர்க்கரை, இதயம் என்று எல்லாவற்றுக்கும் ஒரே பாட்டில் என்றால் நம்பாதீர்கள். குர்குமினை வைத்து நடந்த 120-க்கும் மேற்பட்ட மனித ஆராய்ச்சிகளை அலசிய வேதியியல் நிபுணர்கள், முறைப்படி ஒப்பிட்டு நடத்திய சோதனை எதிலும் அது உறுதியாக ஜெயிக்கவில்லை என்று 2017-ல் எழுதினார்கள். அந்தத் தீர்ப்பு கொஞ்சம் கடுமை என்பது என் அபிப்பிராயம். ஆனால் விளம்பரக்காரர்கள் அதைச் சொல்வதேயில்லை என்பது அதைவிடக் கடுமை.

போகர் பரம்பரையின் மறுபாதி

அனுபானம் நம்முடையது என்று பெருமைப்பட்டோம் அல்லவா? அதே சாஸ்திரத்தில் இன்னும் மூன்று விஷயங்கள் உண்டு. சுத்தி, பத்தியம், நாள் கணக்கு.

மிளகைக்கூட நாங்கள் அப்படியே மருந்தில் சேர்ப்பதில்லை. புளித்த மோரில் ஊறவைத்து உலர்த்தித்தான் சேர்ப்போம். எந்த மருந்தையும் வருஷக்கணக்கில் சாப்பிடச் சொல்ல மாட்டோம். அதிகம் போனால் ஒரு மண்டலம், 48 நாள். பிறகு நிறுத்திவிட்டு உடம்பைப் பார்ப்போம். நாக்கு, கண், சிறுநீர், மலம் எல்லாம் பார்ப்போம். விஷத்தைக் கட்டத் தெரிந்தவர்கள், கட்டிய மருந்துக்குக் கடிவாளமும் போட்டார்கள். இன்றைய பாட்டில் வியாபாரம் அனுபானத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கடிவாளத்தை விட்டுவிட்டது. ‘60 கேப்ஸ்யூல். முடிந்ததும் அடுத்த பாட்டில்’ என்பதற்கு எந்தச் சித்தர் அனுமதி கொடுத்தார்?

அரசுக்கும் ஒரு வார்த்தை. இந்த மாத்திரைகள் சில உணவு உரிமத்தோடு வருகின்றன, சில ஆயுஷ் மருந்து உரிமத்தோடு வருகின்றன. வாங்குகிறவருக்கு வித்தியாசம் தெரிவதில்லை. எந்த உரிமமாக இருந்தாலும், குர்குமின் எத்தனை மில்லிகிராம், மிளகுச் சத்து உண்டா இல்லையா, யார் சாப்பிடக்கூடாது என்ற மூன்றையும் பெரிய எழுத்தில், தமிழில் போடவேண்டும். மருத்துவர்களும் வாய்மூடி இருக்கக்கூடாது. ஆயுஷ் மருந்துகளின் பக்கவிளைவுகளைப் பதிவு செய்ய மத்திய அரசின் திட்டம் இருக்கிறது. தாம்பரம் சானடோரியத்தில் இருக்கும் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் அதில் ஒரு மையம். தகவல் அனுப்பினால் நம் வைத்தியத்தின் மானம் போய்விடாது. மறைத்தால்தான் போகும்.

நீங்கள் என்ன செய்யவேண்டும்?

* சமையலில் மஞ்சளைத் தாராளமாகச் சேருங்கள். எண்ணெயில் தாளிக்கும்போது சேர்ப்பது நல்லது. கூடவே மிளகு இருக்கட்டும். இதற்கு யாரிடமும் அனுமதி கேட்கவேண்டாம்.

* சளி, தொண்டை கரகரப்புக்கு ஒரு டம்ளர் பாலில் கால் ஸ்பூன் மஞ்சள், தட்டிய மிளகு நாலு, பனங்கற்கண்டு. மூன்று நாள் போதும். சர்க்கரை நோயாளிகள் பனங்கற்கண்டைத் தவிர்க்கவும்.

* முடிந்தவரை விரலி மஞ்சளாக வாங்கிக் காயவைத்து அரைத்துக்கொள்ளுங்கள். நிறம் கூட்டுவதற்காக ஈயம் கலந்த சாயத்தை மஞ்சளில் ஏற்றுகிற மோசடி வங்கதேசத்தில் நடந்ததை 2019-ல் ஆராய்ச்சியாளர்கள் அம்பலப்படுத்தினார்கள். பளபளவென்று கண்ணைப் பறிக்கிற தூளைப் பார்த்து மயங்காதீர்கள்.

* குர்குமின் கேப்ஸ்யூல் வேண்டும் என்றால், அதை மருந்து என்று நினைத்து மருத்துவரிடம் கேட்டுச் சாப்பிடுங்கள். பாட்டிலைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். எத்தனை நாள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

* பித்தப்பைக் கல், கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், வலிப்பு, காசநோய் மருந்து சாப்பிடுகிறவர்கள், ஆபரேஷனுக்குத் தேதி குறித்தவர்கள் தாங்களாக வாங்கிச் சாப்பிடவே கூடாது.

* சாப்பிட ஆரம்பித்த பிறகு பசி குறைந்தால், உடம்பு அரித்தால், சிறுநீர் கறுத்தால், கண் மஞ்சளானால் அன்றைக்கே நிறுத்துங்கள். மருத்துவரைப் பாருங்கள். "வேறு என்ன சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டால் மஞ்சள் மாத்திரையையும் மறக்காமல் சொல்லுங்கள்.

கோடைக்கானல் கடையில் நின்ற அந்த அம்மாவிடம் நான் இவ்வளவும் சொல்லவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "உங்க மாமியார் வேற என்னென்ன மாத்திரை சாப்பிடறாங்க?"

கொஞ்சம் யோசித்தார். "ரெண்டு வருஷம் முன்னாடி இதயத்துல ஸ்டென்ட் வெச்சாங்க டாக்டர். ரத்தம் உறையாம இருக்க தினமும் மாத்திரை உண்டு..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர், பாதியில் நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார். பாட்டிலை மெள்ளப் பழைய இடத்திலேயே வைத்தார். 100 கிராம் தாண்டிக்குடி மிளகு மட்டும் வாங்கிக்கொண்டு, "ஊருக்குப் போனதும் அவங்க டாக்டரைக் கேட்டுக்கறேன்" என்று சொல்லிப் போனார்.

கடைக்காரர்தான் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பரவாயில்லை. டீச்சரம்மாவிடம் கேட்காமல் விட்ட கேள்வியை இவரிடமாவது கேட்டேனே!